ஹூரியா சுட்ட முதல் வரையாடு

பன்றி வேட்டையை விட வேண்டி வந்ததே ஹூரியாவுக்குப் பெரிய கோபம். அதற்குப் பிறகு வந்த கோபங்களில் பாதி என் கண் முன்னால் நடந்தவை. அதனால்தான் என்னால் சொல்ல முடிகிறது.

ஹோக்கிடிகா என்ற கடற்கரை ஊருக்குத் தெற்கே, எங்கள் பக்கத்துப் பள்ளிப் பேருந்தை ஓட்டுபவள் ஹூரியா. ஐம்பதைத் தாண்டியவள். சிறுமியாக இருந்த நாளிலிருந்து நாய்களோடு காட்டில் ஓடியவள். நாய்கள் பன்றியை மடக்கிப் பிடித்ததும் பின்பக்கமாகப் போய்க் கத்தியைச் செருகுவாள். துப்பாக்கி கொண்டு போகிறவர்கள் சோம்பேறிகள் என்பது அவள் தீர்ப்பு. ஒரு குளிர்காலத்தில் ஓடைக்கரையில் வைத்து ஒரு பன்றி அவள் முழங்காலைக் கிழித்தது. தையல் ஆறியது, கால் பழையபடி ஆகவில்லை. நாய்கள் மேட்டில் குரைக்கும், இவள் பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். அப்படி ஒரு நாள் இவள் போய்ச் சேர்வதற்குள் பன்றி ஒரு நாயின் குடலைச் சரித்துவிட்டது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். மிச்ச நாய்களை உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அவளிடமிருந்து ‘உட்காரு’, ‘இறங்கு’ என்ற இரண்டு சொற்களைத் தவிரப் பேருந்துப் பிள்ளைகள் வேறெதுவும் கேட்கவில்லை.

வரையாட்டுப் பேச்சை எடுத்தவன் கிரேம். ஹூரியாவின் இறந்துபோன தங்கையின் கணவன். கல் குவாரியில் இயந்திரம் ஓட்டுகிறான். மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவனுக்கு ஹூரியா வீட்டில்தான். யாரோ எப்போதோ கப்பலில் கொண்டுவந்து விட்டு, இப்போது பனிமலை உச்சியில் பெருகித் திரியும் வரையாட்டுக்கு ஓட வேண்டியதில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் போதும் என்று அவன் சொன்னான். ‘ஓட வேண்டியதில்லை’ என்றதற்கே அவனைப் பார்த்து முறைத்தாள். ஆனாலும் வருகிறேன் என்றாள். அவளுடைய பேருந்தைப் பழுது பார்க்கிறவன் நான். சமையல் தெரியும் என்பதற்காக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வரையாட்டை எட்டி நின்று சுட வேண்டும். அவளிடம் இருந்தது அப்பா காலத்துத் துப்பாக்கி. அதன் போல்ட், அதாவது குண்டை ஏற்ற இழுக்கும் கைப்பிடி, வலது பக்கம். ஹூரியா இடதுகைக்காரி. ஒவ்வொரு குண்டுக்கும் கையை மேலே சுற்றிக் கொண்டுபோய் இழுக்க வேண்டும். மூவரும் மலையைக் கடந்து கிரைஸ்ட்சர்ச்சில் ஒரு பெரிய வேட்டைக் கடைக்குப் போனோம்.

கடைக்காரன் நேராகக் கிரேமிடம் வந்தான். துப்பாக்கி அவனுக்கில்லை, அவளுக்கு என்று கிரேம் கை காட்டினான். அதற்குப் பிறகும் அந்த ஆள் கிரேமைப் பார்த்தே பேசினான். உள்ளே போய் ஒரு குட்டைத் துப்பாக்கியை எடுத்து வந்தான்.

“இது லேசு சார். தோள்ல உதைக்காது. பொண்ணுங்களுக்குன்னே செஞ்சது.”

“நான் இடதுகை. போல்ட் இடது பக்கம் இருக்கணும்,” என்றாள் ஹூரியா.

அப்படி வேண்டுமென்றால் வரவழைக்க வேண்டும், நாளாகும் என்றான். பிறகு கிரேமிடம், “பழகிட்டா இதுலயே சுடலாம் சார். எங்க வீட்டம்மா அப்படித்தான் பழகினாங்க,” என்றான்.

ஹூரியா இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தாள்.

“நான் இங்க நிக்கிறேன். நீ அவன்கிட்ட பேசுற. அவனுக்கு அவன் பூட்ஸ்லயே எது இடது எது வலதுன்னு தெரியாது.”

கிரேம் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. துப்பாக்கியைத் தொடாமலே நகர்ந்து போனாள். பூட்ஸ் மட்டும் பார்த்தாள். ஒன்றை மாட்டிக்கொண்டு, கனமான பை ஒன்றைத் தோளில் போட்டு, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். குதிகாலைக் கடித்தால் கழற்றி எறிந்தாள். கடைசியில் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். கிரேம் கடையையே வாங்கிவிடுவான் போலிருந்தது. இலைப் படம் போட்ட மழைக்கோட்டு, பனிக்கோடாரி, துப்பாக்கிக்குப் புது ஸ்கோப், பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் இரும்பு முள். வண்டியில் அந்த முள்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தவனிடம், வீட்டிலேயே பூட்ஸில் மாட்டி நடந்து பார் என்றாள்.

“நான் என்ன சின்னப் புள்ளையா?” என்றான்.

அவளுக்கேற்ற துப்பாக்கி ரோஸ் என்ற பக்கத்து ஊரில் கிடைத்தது. நோயலின் என்ற விதவை வைத்திருந்தாள். அவள் கணவன் ஒரு காலத்தில் அரசாங்கச் சம்பளத்தில், காட்டைத் தின்னும் மான்களைச் சுட்டவன், இடதுகைக்காரன். துப்பாக்கியை நீட்டி, தோளில் வைத்துப் பார் என்றாள். வைத்ததும் அடிக்கட்டை ஹூரியாவின் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது.

“ஆளு மோசம். துப்பாக்கி நல்லது,” என்றாள் நோயலின்.

ஹூரியா வாய்விட்டுச் சிரித்தாள். பேருந்து வேலை முடிந்த மாலைகளில் குவாரி மேட்டில் அட்டைகளை நட்டு, தோள் ஊதா நிறமாகும் வரை சுட்டுப் பழகினாள்.

ஜூன் மாதம், எங்கள் பக்கத்தில் அது குளிர்காலம், ஹெலிகாப்டர் எங்களை ஆற்றுப் படுகையில், ஒரு தகரக் குடிசைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனது. வந்ததிலிருந்து மழை. கிரேமின் இலைக்கோட்டு தையல் வழியாக ஒழுகியது. அவன் கடைக்காரனைத் திட்டினான். ஹூரியா ஜன்னலையே பார்த்துக்கொண்டு, நாய் இல்லாத வேட்டை ஒரு வேட்டையா என்று முணுமுணுத்தாள். மழை விட்ட காலையில் மேலே பார்த்தால் மலை முழுக்கப் புதுப் பனி.

ஏறினோம். அவள் கால் நொண்டியது, நிற்கவில்லை. ஒரு பாறை முனையில் படுத்துக்கொண்டு பைனாகுலரால் எதிர்ச்சரிவைத் துழாவினாள். வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் மூச்சு மாறியது எனக்குத் தெரிந்தது. பெட்டைகள் ஏழெட்டு, அவற்றுக்கு மேலே தனியாக ஒரு கிடா. காற்றில் அதன் பிடரி மயிர் புல்லைப் போல அலைந்தது. நாய் குரைக்காமல், இரத்தமில்லாமல், ஒரு மிருகத்தை இவ்வளவு நேரம் அவள் அதற்கு முன் பார்த்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

கிடா நின்ற இடத்துக்குக் கீழே நேர்ச் செங்குத்து. அங்கே சுட்டால் விழுவது நம் கைக்கு வராது, அது புல்திட்டுக்கு இறங்கட்டும் என்றாள். கிரேம் தலையாட்டினான். அவள் மறுபடி பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் சுட்டுவிட்டான்.

குண்டு இடுப்பில் பட்டது. கிடா பின்னங்கால்கள் இழுபட, ஒரு பாறைத் திண்டில் போய் விழுந்தது. விழுந்த இடத்தில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. கிரேம் இன்னும் இரண்டு சுட்டான், இரண்டும் பாறையில். பிறகு, அதை விட்டுவிடலாம், தானாகச் செத்துவிடும், வேறொன்று பார்ப்போம் என்றான்.

ஹூரியாவின் முகம் சாம்பலாகிவிட்டது. பையை முன்னால் வைத்து, நோயலின் வீட்டுத் துப்பாக்கியை அதன் மேல் சாய்த்து, மூச்சை விட்டு, ஒரே ஒரு குண்டு. கிடாவின் தலை சாய்ந்தது. உடம்பு திண்டிலிருந்து நழுவி, பாறையில் மோதி மோதி ஓடைக்குள் போய் விழுந்தது. அவளுடைய முதல் வரையாடு அது. ஆனால் அவளாகத் தேர்ந்தெடுத்தது அல்ல.

“தலை என்னோடது. முதல் குண்டு என்னது,” என்றான் கிரேம்.

ஓடைக்கு இறங்கப் பாதி நாள் ஆனது. கிடாவின் ஒரு கொம்பு அடியோடு முறிந்து கிடந்தது. கிரேம் அதைக் காலால் புரட்டிப் பார்த்தான். சுவரில் மாட்ட முடியாது, போகலாம் என்றான்.

“கறி?”

“கிழக்கிடா, ஹூரி. நாறும். எவன் திங்கிறது?”

அவள் கத்தியை எடுத்தாள். தோலை உரித்து, பின்தொடைகளையும் முதுகுத் தசையையும் எடுத்தாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் வாய் ஓயவில்லை. சுடத் தெரியாதவன், காத்திருக்கத் தெரியாதவன், தங்கச்சி உன்னிடம் என்னத்தைக் கண்டாளோ என்று ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வசை. தங்கச்சி பேச்சு வந்ததும் கிரேம் எழுந்து, எங்களை விட்டுக் குறுக்கு வழியில் பனிச்சரிவு மேல் நடந்தான்.

கொஞ்ச நேரத்தில் அவன் கூப்பிடும் சத்தம் கேட்டது. உறைந்த சரிவின் நடுவில், இடது பூட்ஸிலிருந்து இரும்பு முள் கழன்று தொங்க, கோடாரியைப் பனியில் கொத்தி அதைக் கட்டிக்கொண்டு நின்றான். கீழே ஓடைப்பாறைகள். முள்ளைக் கட்டும் பட்டையின் அளவு அவன் பூட்ஸுக்குச் சரியாக இல்லை. மாட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஹூரியா சரிவின் ஓரத்தில் போய் நின்றாள்.

“ஒரு தொடையை நீ தூக்கிக்கிட்டு வர்றியா?”

“முதல்ல என்னை இறக்கு.”

“தூக்குறியா இல்லையா?”

“தூக்கித் தொலைக்கிறேன்.”

என்னிடமிருந்த பனிக்கோடாரியை வாங்கி, அந்த முழங்காலோடு, பனியில் படி படியாக வெட்டிக்கொண்டே அவனிடம் போனாள். அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அவனைத் திருப்பிக் கூட்டி வந்தாள். தரைக்கு வந்ததும் தொடையை அவன் பையில் வைத்து வாரை இழுத்துக் கட்டினாள். நன்றி சொல்ல வாயெடுத்தான், அவள் அதற்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

அந்தக் கறியை வீட்டில் கீரையும் உருளைக்கிழங்கும் மாவு உருண்டையும் போட்டு நாளெல்லாம் கொதிக்கவிட்டாள். கிடா வாடை இருக்கத்தான் செய்தது. பிடிவாதமாகத் தின்றாள், எனக்கும் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கிரேம் வரவில்லை.

ஊர் மதுக்கடையில் அவன் வேறு மாதிரி கதை சொல்லிக்கொண்டிருந்தான். தூரத்துக் கிடா, ஒரே குண்டு, பாவம் கொம்பு உடைந்துவிட்டது என்று. ஒரு வெள்ளிக்கிழமை அவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே ஹூரியா உள்ளே வந்தாள். பீரை வாங்கி, கடைசிவரை நின்று கேட்டாள்.

“இடுப்புல பட்டுத் தவிச்சதையும் சொல்லு. நான்தான் முடிச்சேன்னும் சொல்லு.”

கிரேம் கண்ணாடிக் குவளையையே பார்த்தான். “ஆமா, அவதான்,” என்றான். ஹூரியா தலையைக்கூட அசைக்கவில்லை. மீதியைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். கோடை பிறந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிட்டாள். அப்போதும் வரையாட்டைப் பற்றி அவன் வாயைத் திறக்கக்கூடாது என்று என்னிடம் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த குளிர்காலம் நானும் அவளும் மட்டும் போனோம். மூன்றாம் நாள் ஒரு நல்ல பெட்டை அகப்பட்டது. குழியில் உட்கார்ந்துகொண்டு அது இறங்குமா இறங்குமா என்று மதியம் முழுவதும் பார்த்தாள். அது செங்குத்தின் விளிம்பை விட்டு நகரவேயில்லை. வெளிச்சம் மங்கியதும் குண்டை வெளியே எடுத்துப் பையில் போட்டாள். வெறுங்கையோடு இறங்கும் வழியெல்லாம் அந்த ஆட்டையும், காற்றையும், தன் முழங்காலையும், ஏதோ ஒரு காரணத்துக்காக என்னையும் திட்டிக்கொண்டே வந்தாள்.