ருமியாத்தியின் கடைவாய்ப் பல்

ருமியாத்தியின் வாயில் பற்களைத் தவிர வேறு ஏதாவது எப்போதும் இருக்கும். இந்தோனேசியாவின் மாடியூன் ஊரில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் காலையில் பெச்செல் விற்பவள் அவள். வேகவைத்த கீரையையும் முளைப்பயறையும் வாழையிலையில் வைத்து, மேலே வேர்க்கடலைச் சாந்தை ஊற்றி, இலையை மடித்து ஈர்க்குக் குச்சியால் குத்தித் தர வேண்டும். குச்சிகள் வாயில் இருக்கும். சாந்துப் பையின் முடிச்சை அவிழ்ப்பது பல். ரப்பர் வளையத்தை இழுத்துப் பிடிப்பது பல். பக்கத்துக் கடைக்காரர்கள்கூட, "அக்கா, இதக் கொஞ்சம் கடிச்சுத் திறந்து குடு" என்று சோடா பாட்டிலை நீட்டுவார்கள். நாற்பத்தாறு வயதில் அவளிடம் இருந்த ஒரே கருவிப்பெட்டி அதுதான்.

அந்தப் பற்களால் அவளுக்குத் தெருவில் ஒரு பெயரும் இருந்தது. ஆகஸ்ட் பதினேழு, சுதந்திர நாளன்று, தெருவின் குறுக்கே கயிறு கட்டி ஆளுக்கொரு கெருப்புக் என்கிற அப்பளத்தைத் தொங்கவிடுவார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆடுகிற அப்பளத்தை வாயாலேயே பிடித்து முதலில் தின்று முடிப்பவருக்குப் பரிசு. பெண்கள் பிரிவில் ஒன்பது வருடமாக ருமியாத்திதான். பரிசு எப்போதும் பிளாஸ்டிக் வாளி. வீட்டில் வாளியில் இடறாமல் நடக்க அவள் கணவன் பைஜானுக்கு ஒன்பது வருடமாகியும் பழகவில்லை.

அந்த ஜூலையில் இடது மேல் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. நாக்கால் தடவிப் பார்த்தாள். நாக்கின் நுனி உள்ளே போய்விட்டது. "குழி இல்ல, கிணறு" என்று பைஜானிடம் சொன்னாள்.

கிராம்பு வைத்தாள். பூண்டு வைத்தாள். பைஜான் தன் பங்குக்கு வெளிக்கன்னத்தில் தைலத்தைத் தேய்த்துவிட, அது கண்ணில் இறங்கியது. பல்வலியோடு கண்ணெரிச்சலும் சேர்ந்ததால் பல்வலி கொஞ்சம் குறைந்ததுபோல் இருந்தது. மறுநாள் இடது கன்னம் வீங்கிவிட்டது. வலப்பக்கமிருந்து பார்த்தால் ருமியாத்தி, இடப்பக்கமிருந்து பார்த்தால் அவளுடைய பருத்த அத்தை.

அடுத்த கடையில் வாழைப்பழ பஜ்ஜி போடும் சுலாஸ்மி கரண்டியை வைத்துவிட்டு வந்தாள்.

"என்னக்கா, வாயில பொட்டலம் ஏதும் மாட்டிக்கிச்சா?"

"பல்லுடி."

"என்னைப் பாரு." சுலாஸ்மி உதட்டை மேலே தூக்கிக் காட்டினாள். முன்னால் நாலு பற்கள் குளியலறை ஓடுபோலப் பளபளத்தன. "சந்தைக்குப் பின்னால பல்லு கட்டுறவரு போட்டது. பல்லப் பிடுங்கல, ஒண்ணும் பண்ணல. உடைஞ்ச வேருக்கு மேலயே செட்ட வச்சு அமுக்கிட்டாரு. ஒரு டீ குடிக்கிற நேரம்!"

"டாக்டர்கிட்ட போனா பிடுங்கிடுவாங்களோன்னுதான் பயம். மேல் பல்லப் பிடுங்கினா கண்ணு போயிடுமாமே."

"அதான் சொல்றேன், அவருகிட்ட வா."

ஆனால் அன்று மதியமே சாந்தைச் சுவை பார்க்க வாயைத் திறந்தவளால் மூட முடியவில்லை. பைஜான் அவளை அப்படியே மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனான். வழியில் இரண்டு கொசு உள்ளே போனது.

பல் டாக்டர் அனிந்தியா சின்னப் பெண். சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இந்தப் பல்லால என்னம்மா பண்ணுனீங்க? கல்லு உடைச்சீங்களா?"

"சோடா மட்டுந்தான்."

"ரெண்டு வழி இருக்கு. பிடுங்கலாம். பிடுங்கினா கண்ணு ஒண்ணும் போகாது, அந்தக் கதைய இங்க வர்ற எல்லாரும் சொல்றாங்க. ஆனா பக்கத்துப் பல்லெல்லாம் அந்த இடத்துக்குச் சாயும், அப்புறம் செட்டு கட்டணும். இல்லேன்னா வேர் சிகிச்சை. உள்ள அழுகுன நரம்ப எடுத்து, சுத்தம் பண்ணி, மருந்து வச்சு அடைச்சு, மேல உறை போடுவோம். உங்க பல்லு உங்ககிட்டயே இருக்கும். நாலு தடவ வரணும்."

"நாலு தடவையா! பல்லு ஒண்ணுதானம்மா?"

"வேரு மூணு இருக்கே."

பல்லுக்குக் கீழே மூன்று வேர் என்று கேட்டதும் ருமியாத்திக்கு மலைப்பாக இருந்தது. மரமாக இருந்திருந்தால் காய்த்திருக்கும். ஊசி போட்டபோது பைஜானின் கையைப் பிடித்தாள். அவன்தான் "ஐயோ" என்றான். நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். மறுபடி வர வேண்டிய நாள் ஆகஸ்ட் பதினெட்டு. அதுவரை இடப்பக்கம் எதையும் கடிக்கக் கூடாது.

இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது. வலி துளிகூட இல்லை. அங்கேதான் வம்பு வந்தது. வலி போனால் நோயும் போனது என்பது ருமியாத்தியின் கணக்கு.

"இன்னும் மூணு தடவ போய் அந்த நாற்காலியில மல்லாக்கப் படுக்கணுமா?" என்றாள் சுலாஸ்மி. "பதினெட்டாம் தேதி நம்ம ஆளுகிட்ட போவோம். ஒரேயடியா மேல மூடிடுவாரு."

"அதுவும் சரிதான்" என்றாள் ருமியாத்தி. சொல்லும்போது நாக்கு தானாகப் போய் அந்த அடைப்பைத் தொட்டுப் பார்த்தது. பல் அங்கேயேதான் இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

பதினேழாம் தேதி வந்தது. சிவப்பு வெள்ளைத் தோரணத்தின் கீழே ஐந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள். ருமியாத்திக்கு அடுத்து சுலாஸ்மி. தெருத் தலைவர் முஜிரான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "கை பின்னால! கை பின்னால! ருமியாத்தி, தலைய ஆட்டாத, இன்னும் ஆரம்பிக்கல!" என்று கத்தினார். விசில் ஊதியதும் கயிற்றை ஆட்டிவிட்டார்கள்.

ருமியாத்தி அப்பளத்தை நாக்கால் நனைத்து, வலப்பக்கமாகவே கடித்தாள். தலை ஒருபக்கமாகச் சாய்ந்து, யாரோ காதைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. பாதி முடிந்தது. பக்கத்தில் சுலாஸ்மி எம்பிக் குதித்து ஒரே கவ்வாகக் கவ்வினாள். அதே நொடியில் கயிறு மேலே இழுபட்டது.

சுலாஸ்மி கீழே வந்தாள். பற்கள் வரவில்லை.

நாலு பற்களும் அப்பளத்தை இறுகக் கவ்வியபடி கயிற்றில் ஊஞ்சலாடின.

"அது என்னுது!" என்று கத்தினாள் சுலாஸ்மி. உதடு உள்ளே மடிந்து பேச்செல்லாம் காற்றாகப் போனது. "கழத்தாதீங்க! நாந்தான் இன்னும் கதிச்சிக்கித்து இருக்கேன்!"

முஜிரான் ஒலிபெருக்கியை இறக்காமலே யோசித்தார். "கையால தொடக் கூடாதுன்னுதான் விதி. பல்லு தொடலாம். வாயி கூடவே இருக்கணும்னு விதியில எங்கயும் எழுதலையே..."

"அப்போ அந்தப் பல்லுக்கே வாளியக் குடுங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

ருமியாத்தி சிரித்தாள். வாய் நிறைய அப்பளத்தை வைத்துக்கொண்டு சிரித்ததில் ஒரு துண்டு இடப்பக்கம் போய்விட்டது. நறுக்கென்று கடித்தாள். ஏதோ ஒன்று தெறித்து முஜிரானின் சட்டைப்பைக்குள் விழுந்தது. டாக்டர் வைத்த அடைப்பு. நாக்கைக் கொண்டுபோனாள். கிணறு மறுபடி திறந்துகிடந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மூன்று வேரும் வெட்டவெளியில். வாளி மூன்றாம் வீட்டுக்காரிக்குப் போனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சுலாஸ்மி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ருமியாத்தி அப்பளத்தோடு பல்செட்டை அவிழ்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போதுதான் உள்ளே எட்டிப் பார்த்தாள். செட்டு இருந்த இடத்தில் ஈறு மிளகாய்ப்பழமாகச் சிவந்து, உடைந்த வேர்கள் கறுத்துக் கிடந்தன.

"இது வலிக்கலையாடி?"

"வதிக்கும்" என்றாள் சுலாஸ்மி. "யாருகித்தயும் சொல்லல."

"நாளைக்குக் காலையில ரெடியா இரு."

"பல்லு கத்துறவருகித்தயா?"

"அவரு மூடுனது போதும். எனக்கு இருக்கிற கருவி இந்தப் பல்லுதான், அத விட்டுக்குடுக்க மாட்டேன். டாக்டர்கிட்ட போறோம்."

மறுநாள் இருவரும் சுகாதார நிலையத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுலாஸ்மியின் பல்செட்டு பஜ்ஜி மடிக்கும் காகிதத்தில் அவள் மடியில் இருந்தது. உள்ளேயிருந்து ஏதோ சுழலும் சத்தம் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கழிவறை எங்கே என்று தேடினார்கள்.

அனிந்தியா கதவைத் திறந்து பார்த்தாள். "யாரு முதல்ல?"

ருமியாத்தி சுலாஸ்மியைக் காட்டினாள். சுலாஸ்மி ருமியாத்தியைக் காட்டினாள்.

பிறகு ருமியாத்தி எழுந்தாள். "வலி எடுக்குறதுக்கு முன்னாடியே வந்திருக்கேன், பாத்துக்கம்மா" என்று சொல்லிக்கொண்டே போய் நாற்காலியில் மல்லாந்து படுத்து, யாரும் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்தாள்.