கன்னிகாதானத்தில் ஒலித்த பிரெஞ்சுப் பெயர்

எங்கள் வடகரைப் பட்டினத்தில் பிரெஞ்சுக் குடும்பப்பெயர் தாங்கிய சைவ வீடு ஒன்று இருந்தது. உறவினர் இன்னும் இருப்பதால் அப்பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். எங்கள் தீபகற்பம் முழுவதிலும் அதற்கு அந்த ஒரு வீடுதான். கடலுக்கு அக்கரையில், காரைக்காலில் சில குடும்பங்கள் உண்டென்று தோணிக்காரர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தபாற்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி அதைக் கூவும் அழகை நினைத்தால் இன்றும் நெஞ்சு இனிக்கிறது.

அது வந்த வழியை அவ்வீட்டுத் தண்டையலே, பாய்த்தோணி செலுத்திய அப்பெரியவரே, எனக்குச் சொன்னார். அவருடைய பாட்டனார் காரைக்காலில் பிறந்தவர். அங்கே பிரெஞ்சு ஆட்சியில், சாதி வழக்கைத் துறப்பதாகக் கையொப்பமிட்டோர் தமக்கொரு புதுப்பெயரைத் தேர்ந்துகொண்டனர். பாட்டனாரும் அவ்வாறே செய்து, புகையிலைத் தோணியொன்றில் எங்கள் கரைக்கு வந்து பெண் கட்டினார். அவருடைய பழைய பெயர் எவருக்கும் தெரியாது. நெற்றியில் திருநீறும் பெயரில் பிரெஞ்சுமாக வாழ்ந்த குடும்பம் அது, ஊருக்கும் பழகிவிட்டது.

தண்டையலுக்கு ஒரே மகள். அவள் மணமாகிப் போனால் பெயரும் முடிந்துவிடும். கடைசியாக அவளுடைய அழைப்பிதழிலாவது அது இருக்கவேண்டும் என்பதே அவர் ஆசை. அறுபதுகளின் நடுவில், அச்சுவேலியில் வெங்காயம் பயிரிடும் தோட்டக்கார வீடொன்றில் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார்.

“குறை நினையாதேங்கோ சம்மந்தி. உந்தப் பேரைப் போட்டால் எங்கடை சனம் உங்களைச் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எண்டெல்லோ நினைக்கும். விட்டிடுங்கோ.”

“ஓம்” என்றார் தண்டையல்.

பெரியப்பா போனபின் மகள் விடவில்லை. “சூறாவளிக்கே பாய் இறக்காத மனுசன், வெங்காயத் தோட்டத்துக்கு இறக்கிப்போட்டியளே அப்பா!”

அவர் சிரிக்கவில்லை. அழைப்பிதழ் அப்பெயரின்றியே வந்தது.

திருமுறை பாட அழைக்கப்பட்டிருந்த நான் மணவறைக்கு அருகில் இருந்தேன். கன்னிகாதானத்தில் இரு பக்கத்தாரின் மூன்று தலைமுறைப் பெயர்களையும் குருக்கள் மும்முறை உரக்கச் சொல்வது வழக்கம். அழைப்பிதழுக்காக அவ்வளவு பேசியவர்கள் இதை எண்ணியிருக்கவில்லை.

“பெண்ணின்ரை பூட்டன்ரை பேர்?” என்றார் குருக்கள்.

தண்டையல் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தெரியாட்டில் பரமசிவன் எண்டு சொல்லலாம்” என்றார் குருக்கள், இரக்கத்தோடு.

அந்த நாமத்துக்கு மேல் இன்னொன்றை ஒருநாளும் வைத்தவனல்லேன் நான். ஆயினும் அக்கணத்தில், தண்டையல் அதைச் சொல்லிவிடலாகாதே என்று அப்பரமனையே வேண்டிக்கொண்டேன்.

“தெரியும் ஐயா” என்ற தண்டையல், தம் பாட்டனாரின் பெயரைச் சபை கேட்கச் சொன்னார்.

வடமொழி ஓட்டத்தின் நடுவே அப்பெயர் மும்முறை ஒலித்தது. முதல்முறை குருக்களின் நா இடறியது. மூன்றாம் முறை தேறிவிட்டது. தாரை நீர் விழ, மகளின் கை மாப்பிள்ளையின் கைக்கு மாறியது. தண்டையலின் கண்கள் நிறைந்திருந்தன.

பந்தியில் பெரியப்பா அவர் பக்கத்திலேயே வந்து அமர்ந்தார். நான் எதிரில் இருந்தேன்.

“சம்மந்தி, அந்தப் பேரை இன்னொருக்கால் சொல்லுங்கோ. ஊரிலை கேட்பினம், நான் பிழையாய்ச் சொல்லக்கூடாதெல்லோ.”

தண்டையல் சொன்னார். பெரியப்பா சொல்லிப் பார்த்தார், வரவில்லை.

“மூக்காலை சொல்லோணும் சம்மந்தி” என்று தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார் தண்டையல். பெரியப்பா பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மறுபடியும் முயன்றார்.