ஹட்டனில் முதுகுக்குக் கரண்ட் வைக்கிறேன்

ஆளுக்குக் கரண்ட் வைத்துவிட்டு அவரிடமே நன்றியும் வாங்குகிற தொழில் எங்களுடையது மட்டும்தான். ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து, கழுத்து வலிக்கும் இடுப்பு வலிக்கும் மின்சாரச் சிகிச்சை கொடுக்கிறேன். தோலில் பட்டைகளை ஒட்டி, சின்ன மெஷினிலிருந்து மெல்லிசாகக் கரண்ட்டை விட்டால் எறும்பு ஊர்வது போலிருக்கும். வலி கொஞ்ச நேரம் அடங்கும். அதற்குள் உடற்பயிற்சியைப் பழக்கிவிட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை இந்த ஊரில் யாரும் நம்பத் தயாரில்லை. கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்ப முடியாமல் முழு உடம்போடும் திரும்புகிற அன்பான வாசகர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

இன்னும் கூட்டுங்க

டவுனில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு முதலாளிக்குக் கழுத்து வலி. காரணம் தேட வேண்டியதே இல்லை. காலையிலிருந்து கடை பூட்டும் வரை போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் மனிதர் வியாபாரம் பண்ணுவார். என் கட்டிலில் பட்டை ஒட்டிப் படுத்திருக்கும்போதும் அதே இடுக்கல்தான். "எறும்பு ஊர்றதெல்லாம் எனக்குப் பத்தாது மிஸ், கூட்டுங்க" என்று ஒரே நச்சரிப்பு. கூட்டினால் தசை இறுகிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

நான் திரும்பிய நேரம் பார்த்து, எட்டித் தானே மெஷினின் குமிழைத் திருகிவிட்டார். தோள் துள்ளிக் காதில் இடித்தது. போன் பறந்துபோய், ஒத்தடத்துக்கு வைத்திருந்த சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில், வாசலில் காத்திருந்த ஒரு அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிவிட்டார். ஓடிப்போய் மெஷினை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், சொட்டச் சொட்டப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க மெஷினுக்கு ஆளப் பார்த்து நடந்துக்கத் தெரியலையே மிஸ்!"

கண்ணாடி அலுமாரி

டிக்கோயாவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். எங்கள் மாடிப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு "மாதாவே" சொல்லித்தான் ஏறி வருவார். கனடாவிலிருந்து மகன் இதே மாதிரி மெஷின் அனுப்பியிருக்கிறான் என்று ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு இந்த இடுப்போடு ஏன் பஸ் ஏறி வர வேண்டும்? பாவிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் வீட்டுக்கே போனேன்.

மெஷின் கண்ணாடி அலுமாரியில், விருந்தாளிகளுக்கான கோப்பைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வீற்றிருந்தது. எடுக்கக் கை நீட்டினேன். இடுப்பு வலிக்காரி, அன்றைக்கு மட்டும் எப்படித்தான் அவ்வளவு வேகமாக எழும்பினாரோ, வந்து கதவைச் சாத்திவிட்டார். "பாவிச்சா பழசாயிரும் மகள், பொறகு வாற ஆளுங்களுக்கு எதக் காட்டுறது?"

பிள்ளைக்காம்பராவில் முகாம்

ஒரு தேயிலைத் தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்குத் திடீரென்று தொழிலாளர் மேல் அக்கறை பிறந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காம்பராவைக் காலி பண்ணி, என்னைக் கூப்பிட்டு இலவசச் சிகிச்சை முகாம் போட்டார். கட்டிய பேனர் அந்தக் காம்பராவைவிடப் பெரிது. மலையிலிருந்து நேராக வந்த பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்கைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தார்கள். கொழுந்துச் சுமையின் கயிறு அழுத்திய இடத்தில் எல்லாருக்கும் தோல் காய்த்துப் போயிருந்தது. லெட்சுமி என்ற அக்காவுக்குப் பட்டை ஒட்டி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. பகலில் படுப்பது அவருக்கு எப்போது வாய்க்கும்? நேரம் முடிந்தும் நான் எழுப்பவில்லை.

"சுமை கூடுறதுக்கு முன்னாலயே கொழுந்தத் தராசுல நிறுத்து எடுத்துட்டா, பாதிப் பேருக்கு இந்த வலியே வராது சேர்" என்று துரையிடம் சொன்னேன். படம் பிடிப்பவர் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழகாகத் தலையாட்டினார். துரை போனதும், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையா கிட்டே வந்து, தூங்குகிற லெட்சுமி அக்காவைக் காட்டி மெதுவாகக் கேட்டார்: "வலி போயிருச்சுன்னா இதுங்க நாளையிலேர்ந்து கூட ரெண்டு கிலோ எடுக்கும்ங்களா மிஸ்?"

சிவபாலனின் கால்

சிவபாலன் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிறவர். இடுப்பு வலிக்கு என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒரு நாள் விடிந்த கையோடு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். "கால் என் கால் மாதிரியே இல்ல மிஸ். தொடையிடுக்கெல்லாம் மரத்துப் போச்சு. விடிஞ்சதுலேர்ந்து ஒண்ணுக்கும் போக முடியல." முள்ளந்தண்டுக்குள் நரம்பு நசுங்கும்போது வருகிற அடையாளம் அது. தாமதித்தால் கால் போனது போனதுதான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இடத்துக்குச் சொந்தக்காரரான எங்கள் முதலாளி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மருத்துவத்தில் அவருக்குத் தெரிந்தது மெஷினின் சுவிட்ச் மட்டும்தான். "வந்த ஆள ஏன் அனுப்புறீங்க? கரண்ட்டக் கொஞ்சம் கூட்டி வெச்சுப் பார்ப்போமே." "தள்ளுங்க" என்றேன். அந்தக் குரல் எனக்கே புதிது. த்ரீவீலில் நானும் ஏறினேன். டிக்கோயா ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் அவர் மனைவி அந்தப் பாதத்தைக் கிள்ளிக் கிள்ளி, "தெரியுதா, இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "தெரியல புள்ள" என்றார் சிவபாலன். அங்கிருந்து அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்பி, அன்றைக்கே ஒபரேஷன் பண்ணினார்கள்.

சில மாதம் கழித்து, கைத்தடியோடு தானே படியேறி வந்தார் சிவபாலன். கையில் எனக்கென்று வீட்டுத் தோட்டத்தில் பிடுங்கிய ஒரு கட்டு லீக்ஸ். அவர் என்னிடம் வந்து சேர்வதற்குள் முதலாளி பாய்ந்து தோளில் கை போட்டு, மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றைக்கும் மாடிப்படியில் தொங்குகிறது. ஒன்றும் விளங்காமல் சிவபாலன் என்னைப் பார்க்க, முதலாளி என் பக்கம் திரும்பினார்: "பார்த்தீங்களா மிஸ், நம்ம கரண்ட் ஆள எழுப்பி நடக்க வெச்சிருச்சு!"

கழுத்துக்கும் இடுப்புக்குமாவது ஏதோ ஒரு மெஷின் இருக்கிறது, அதைச் சுற்றி நிற்கிறவர்களுக்குத்தான் இன்னும் யாரும் ஒரு மெஷினும் கண்டுபிடித்ததாகக் காணோம்.