ஐந்நூறு கேள்வியும் அத்துப்படி

ஆஸ்திரேலியாவின் தலைநகரம் சிட்னி இல்லை என்று சித்தூர் ஜில்லா புத்தலப்பட்டுப் பக்கத்தில் அடித்துச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி சிவசங்கரி, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்னொருவர் அவள் நைனா என்று கூப்பிடும் அப்பா முனிசாமி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூன்று வருஷமாகக் கட்டிலை விட்டு எழுந்ததும் இல்லை. மகள் உரக்கப் படித்ததைக் கேட்டுக் கேட்டே கான்பெராவும் ஒட்டாவாவும் வெலிங்டனும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டன. வலது கையும் காலும் பக்கவாதத்தில் போய்விட்டாலும் பேச்சு மட்டும் மெதுவாக, இழுத்து இழுத்து, மிச்சமிருந்தது.

அவள் படித்த புத்தகம் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் கிரண்குமார் நடத்தும் பயிற்சி நிலையத்தில் கொடுத்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளைப் பற்றி ஐந்நூறு கேள்வி, ஐந்நூறு பதில், அடியில் தெலுங்கில் விளக்கம். வெளிநாட்டுக்குப் போகிற நர்ஸுக்கு மொழி மட்டும் போதாது, அந்த ஊர் நடப்பும் தெரியவேண்டும் என்பது கிரண்குமாரின் கட்சி. இங்கிலாந்தும் பிரிட்டனும் ஒன்றல்ல. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பாக்ஸிங் டே, அதற்கும் குத்துச்சண்டைக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியாவில் கிறிஸ்துமஸ் கொளுத்தும் வெயிலில் வரும். கனடாவில் வண்டி வலதுபக்கம் ஓடும், நியூசிலாந்தில் நம்மைப்போல இடதுபக்கம். இங்கிலாந்தின் வடக்கே ஒருவர் டீ சாப்பிடக் கூப்பிட்டால் அது ராத்திரிச் சாப்பாடாகவும் இருக்கலாம், வயிற்றை நிரப்பிக்கொண்டு போகாதே. இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த கிரண்குமார் பெங்களூரைத் தாண்டியதில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, யாரும் குறை சொல்லவில்லை.

சிவசங்கரி சம்பாத்தியத்துக்காகத்தான் இந்தப் பாடு படுகிறாள் என்று ஊர் நினைத்தது. அதுவும்தான். ஆனால் அவளைப் பிடித்து இழுத்தது இருநூற்றுப் பன்னிரண்டாவது கேள்வி. முன்பின் தெரியாதவரிடம் என்னென்ன கேட்கக்கூடாது என்பது கேள்வி. வயது, சம்பளம், கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்பது பதில். அவளுக்குக் கல்யாணம் ஒன்று நடந்தது, ஒன்றரை வருஷத்தில் முடிந்தும் போனது. அதை அவள் யாரிடமும் பேசியதில்லை, நாமும் விட்டுவிடலாம். ஆனால் ஊர் விடவில்லை. சித்தூரில் துணி எடுக்கப் போனாலும், காணிப்பாக்கத்தில் கும்பிடப் போனாலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் வேர்க்கடலையை நீட்டிக்கொண்டே புருஷன் எங்கே என்றுதான் ஆரம்பிப்பாள். அப்படி யாரும் கேட்காத ஒரு தேசம் பூமியில் இருக்கிறது என்று அச்சடித்த எழுத்தில் பார்த்த அன்றைக்கே அவள் மனசால் விமானம் ஏறிவிட்டாள்.

ஏறுவது லேசாக இல்லை. ஆங்கிலத் தேர்வில் மூன்று தடவை தோற்று நாலாவது தடவை தேறினாள். அந்த மார்க்குக்கு இரண்டு வருஷம்தான் ஆயுசு. அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் பழையபடி முதலிலிருந்து. இங்கிலாந்தில் முதியோர் இல்லங்கள் நடத்துகிற ஒரு கம்பெனி அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டபோது அந்த ஆயுசில் ஐந்து வாரம் பாக்கி இருந்தது. வயது முப்பத்து நாலு. இன்னொரு முறை எழுத உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை என்று அவளுக்கே தெரியும். இதை விட்டால் அவ்வளவுதான்.

அவள் போய்விட்டால் நைனாவை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் விடை இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த அவளுடைய சித்தி யசோதா பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்திருந்தாள். முனிசாமியும் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. ஊரார் கரும்புத் தோட்டத்திலும் மாந்தோப்பிலும் கூலி வேலை செய்தே மகளை நர்ஸுக்குப் படிக்கவைத்தவர் அவர். போ போ என்று அவளை விரட்டியதே அவர்தான்.

நேர்காணல் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பயிற்சி நிலையத்துக் கம்ப்யூட்டரில் நடந்தது. திரையில் இரண்டு பெண்கள், ஒருத்தி நரைத்தவள், இன்னொருத்தி இளையவள். சிவசங்கரி எடுத்த எடுப்பிலேயே அங்கே மழையா என்று கேட்டாள். வானிலையைப் பேசித்தான் பேச்சைத் தொடங்கவேண்டும் என்பது புத்தகத்தில் உள்ளது. இருவரும் சிரித்துவிட்டார்கள். மாத்திரை அளவு கேட்டார்கள், படுக்கைப் புண் கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் தடங்கலில்லாமல் சொன்னாள். கடைசியாக நரைத்தவள் கேட்டாள்: எண்பத்தாறு வயது அம்மா ஒருவர், புத்தி தெளிவாக இருக்கிறது, சாப்பாடு வேண்டாம், என்னைத் தனியே விடு என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

இதற்குப் புத்தகம் தேவைப்படவில்லை. தினமும் வீட்டில் செய்கிறதுதானே. தன் அப்பாவும் அப்படித்தான் சொல்வார் என்றாள். வேண்டாம் என்பார், வாயை மூடிக்கொள்வார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் விடவே மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, கதை சொல்லி, தாடையைத் திருப்பி, ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று தட்டு காலியாகும்வரை ஊட்டுவேன். அந்த அம்மாவுக்கும் அப்படியே ஊட்டுவேன், அவரும் எனக்குத் தாய் மாதிரிதான். அந்த ஐந்நூறும் புத்தகத்தின் பதில், இது ஒன்றுதான் அவளுடைய சொந்தப் பதில்.

திரையில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நரைத்தவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அருமை, மிக அருமை, எவ்வளவு அன்பானவர் நீங்கள் என்றாள்.

அந்த ஊர்க்காரர்கள் 'அருமை' என்றால் அதற்கு அர்த்தம் 'சரி, கேட்டுக்கொண்டேன்' என்பது மட்டும்தான், சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே என்பதும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. நானூறுக்கு மேலே எங்கேயோ. சிவசங்கரியே அதைப் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறாள். ஆனால் சந்தோஷம் வந்தால் படித்தது நிற்குமா? கதவுக்கு வெளியே நின்ற கிரண்குமாருக்கும் அந்த 'அருமை' காதில் விழுந்துவிட்டது. அயிப்போயிந்தி அக்கா, முடிந்தது என்று குதித்தார்.

குதித்ததோடு நிற்கவில்லை. பயிற்சி நிலையங்களுக்குள் ஒரு போட்டி உண்டு. யாராவது வெளிநாட்டுக்குத் தேர்வானால் அவர்கள் போட்டோவை அந்த நாட்டுக் கொடியோடு ஃப்ளெக்ஸில் அடித்துக் கட்டிவிட வேண்டும், பக்கத்து மாடிக்காரன் முந்திக்கொள்ளுமுன். மூன்றாம் நாள் காலை பஸ் ஸ்டாண்டு எதிரே பத்தடி உயரத்தில் சிவசங்கரி சிரித்துக்கொண்டிருந்தாள், பின்னால் பிரிட்டன் கொடி, மேலே தெலுங்கில் வாழ்த்து. பிள்ளை பிறக்குமுன்னே பேர் வைக்கிற கதை. கடிதம் வரட்டுமே என்று அவள் லேசாகச் சொல்லித்தான் பார்த்தாள். ஆனால் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று இரண்டு முறை போட்டோவும் எடுத்துக்கொண்டாள். யார்தான் எடுக்கமாட்டார்கள்?

ஃப்ளெக்ஸை ஊர் பார்த்தது, ஆஸ்பத்திரியும் பார்த்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகப்போகிறாயா என்று அங்கே கோபம். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளலாம், உன் இடத்துக்கு ஆள் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். அவளும் பெரிதாகக் கெஞ்சவில்லை. போகிறவளுக்கு எதற்கு என்று இருந்துவிட்டாள். வார்டில் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள்.

பதில் பதினெட்டாம் நாள் வந்தது. சித்தூரில் பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில், நின்றபடி, போனில் படித்தாள். மிகவும் மரியாதையான கடிதம். உங்கள் அன்பு எங்களைத் தொட்டது, ஆனால் இந்த முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. தெளிந்த புத்தியுள்ள ஒருவர் வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை, ஏன் வேண்டாம் என்று கேட்பதும் அந்த விருப்பத்தை மதிப்பதும்தான் பராமரிப்பின் முதல் பாடம். உங்கள் பதிலில் அந்த அம்மாவை நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை.

அவள் வேலை பார்த்த இடத்தில் சம்மதம் என்றால் ஆப்பரேஷனுக்கு முன்னால் மகனோ மருமகனோ போடும் கையெழுத்து. படுத்திருப்பவரைக் கேட்கும் வழக்கமில்லை. வீட்டிலும் இல்லை. வேண்டாம் என்ற கிழவரை விட்டுவிட்டு எழுந்தால் அவள் மகளா, பாவியா? ஊரே காறித் துப்பும். அந்தக் கடிதத்தை அவள் புத்தலப்பட்டு வருவதற்குள் ஒன்பது முறை படித்தாள். ஐந்நூறு கேள்வியில் ராணிகள், ஆறுகள், கொடிகள் எல்லாம் இருந்தன. இது ஒன்று மட்டும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சும்மாவா.

மறுநாள் திருப்பதிக்குப் போய், ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தாள். இடமில்லை. பயிற்சி நிலையத்துக்குப் போய் அந்த ஃப்ளெக்ஸையாவது இறக்கிவிடச் சொன்னாள். கிரண்குமார் நல்லவர்தான், நிஜமாகவே கண் கலங்கினார். கலங்கிக்கொண்டே, "உண்டனீ அக்கா. அட்மிஷன் டைம். இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்," என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெண்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்து, அக்காவைப் பார்த்ததும் கை கொடுத்தார்கள். அவள் கை கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். அவ்வளவு கேவலமாக அவளுக்கு வாழ்க்கையில் என்றும் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். சித்தி குழைய வடித்த சோறும் பருப்புச்சாறும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். முனிசாமி தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எப்போது டிக்கெட் என்று கேட்டார். முந்தின நாளிலிருந்து மறைத்ததை இனி மறைக்க அவளால் முடியவில்லை.

"நான் போகல நைனா. வேணாம்னுட்டாங்க."

"அப்ப இனிமே?"

"இனிமே இல்ல."

அவள் தட்டை மடியில் வைத்து, சோற்றைப் பிசைந்து, கவளத்தை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயை மூடிக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பழக்கத்தில் அவள் இடது கை அவர் தாடைக்குப் போய்விட்டது. போன கை பாதியில் நின்றது. கடிதத்தின் அந்த வரி நினைவுக்கு வந்தது. மூன்று வருஷத்தில் ஒருநாளும் கேட்காததை அன்றைக்குக் கேட்டாள்.

"நெஜமாவே வேணாமா நைனா? ஏன் வேணாம்?"

முனிசாமி கோபித்துக்கொள்வாரோ என்று அவள் நினைத்தாள். அவர் கோபப்படவில்லை. கேட்டதே அவருக்கு ஆறுதலாக இருந்ததுபோல முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"மூணு வருசமா வேணாம்தாம்மா. போய்ச் சேர்ந்துட்டா போதும்னுதான் கீறேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் செத்தா, வருசம் திரும்பறவரிக்கும் கடல் தாண்டக்கூடாதுன்னு ஒன்ன நிறுத்திப்புடுவாங்க. நீ போறவரிக்கும் உசுரு இருக்கணுமேன்னு துன்னுக்கினு இருந்தேன். இனிமே இன்னாத்துக்கு?"

ஊட்டிய ஒவ்வொரு வாயும் தன் அன்பால்தான் இறங்கியது என்று அவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள். பெருமையாகத் திரையில் சொல்லவும் சொன்னாள். ஒரு வாய்கூட அதனால் இறங்கவில்லை. அவளை அனுப்பிவைக்க அவர் விழுங்கியிருக்கிறார், அவ்வளவுதான். அவள் உரக்க அழுதாள். அடுத்த வீட்டில் இருந்த சித்திக்குக் கேட்டிருக்கும், வரவில்லை.

அந்தக் கடிதம் எழுதியவர்களாக இருந்தால் இந்நேரம் தட்டை மூடிவைத்து, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டிருப்பார்கள். ஊராக இருந்தால் வாயைத் திறந்து திணித்திருக்கும். முனிசாமி கண்ணை மூடிக்கொண்டுவிட்டார், வாயையும்தான். பிசைந்த கவளம் சிவசங்கரியின் கையிலேயே இருந்தது. அதை ஊட்டவும் அவளால் முடியவில்லை, தட்டில் திருப்பி வைக்கவும் முடியவில்லை.