சீரியலோடு வெளியே போன வீடியோ

நான் உளுந்தூர்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை நேரத்தில் தவறிப்போகும் சீரியல்களைப் பார்ப்பதற்காக, இணையத்தில் பலரும் தங்களிடம் உள்ளதைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சாஃப்ட்வேரை என் தம்பி எங்கள் வீட்டு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தான். எல்லா எபிசோடும் காசில்லாமல் வந்தது. எந்த ஃபோல்டரில் சேமிக்கலாம் என்று அது கேட்டபோது, எங்கள் வீட்டு வீடியோக்கள் இருந்த ஃபோல்டரையே காட்டிவிட்டேன்.

என் கணவரின் முதல் வருஷத் திதிக்கு வந்த தம்பி, லேப்டாப்பைத் திறந்து அந்த சாஃப்ட்வேரின் பட்டியலைப் பார்த்ததும் கத்தினான்.

“அக்கா, மாமா வீடியோ வெளிய போய்க்கினு இருக்குது!”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கியபடி அவர் எங்கள் மகளிடம் கடைசியாகப் பேசிய வீடியோ அது.

“இன்னாடா சொல்ற? நான் சீரியல்தானே எடுத்தேன்?”

“நாம எடுக்கறப்பவே இந்த ஃபோல்டர்ல இருக்கறதும் மத்தவங்களுக்குப் போவுதுக்கா. சீரியல இப்படி எடுக்கறதும் குடுக்கறதும் சட்டப்படி குத்தம் வேற. காசு மிச்சம்னு நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்.”

அந்த சாஃப்ட்வேரை அப்போதே அழித்தான். யார் யாரிடம் வீடியோ போயிருக்கும் என்று கேட்டேன். “அத கண்டுபுடிக்க முடியாதுக்கா” என்றான்.

வழக்கு எதுவும் வரவில்லை, அந்த மட்டில் தப்பித்தோம். இப்போதெல்லாம் சந்தா கட்டித்தான் சீரியல் பார்க்கிறேன். வீட்டு வீடியோக்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் வைத்திருக்கிறேன். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் ஏதாவது ஓடினால், அதில் என் கணவர் முகம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிடுகிறேன்.