கன்று பிறக்கக் காத்திருந்த சீமைப் பெண்

எனக்கு எழுபத்தெட்டு நடக்கிறது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று, ஐந்தையும் வளர்த்து ஆளாக்கினேன். ஆறாவதாக ஒருத்தி மூன்று மாதம் என் வீட்டில் இருந்தாள். அவளை வளர்த்தேன் என்று சொல்ல முடியாது, சோறு போட்டேன், அவ்வளவுதான். என் பிள்ளைகள் வாரம் தவறாமல் போனில் பேசுகிறார்கள். இவள் குரலைக் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அப்போது மத்திகிரியில் இருந்தோம். வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான் பின்பக்கம் கொட்டாய் போட்டு ஒரு கலப்பின மாடு வைத்துப் பால் ஊற்றினேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒருநாள் வந்தார்.

"அம்மா, இங்கிலாந்துல இருந்து ஒரு பொண்ணு வருது. மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போவுது. காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில வேலை பாத்துப் பழகியிருக்கணுமாம். உங்க பக்கத்து ரூம்ல தங்க வெச்சுக்கிறீங்களா?"

சரி என்றேன். எதிர்வீட்டுக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"சம்பளம் எவ்ளோக்கா?"

"சம்பளமே இல்லியாம்."

"சும்மா சாணி அள்றதுக்கு ஏரோப்ளேன் ஏறி வருதா? ஏன், அவங்க ஊர்ல மாடே இல்லியா?"

வந்தாள். நெடுநெடுவென்று உயரம். எங்கள் வாசப்படியில் முதல் வாரம் முழுக்க நெற்றியை இடித்துக்கொண்டாள். களியை வாயில் போட்டு மென்றாள். முழுங்கணும் என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ் என்று காதில் விழுந்ததையெல்லாம் ஒரே பாஷை என்று நினைத்துக் கலந்து பேசுவாள். மாட்டுக்கு எல்லாம் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் கூட்டினாள், கயிறு பிடித்தாள், புண்ணுக்கு மருந்து போட்டாள். ஒன்று மட்டும் அவளுக்கு அமையவில்லை. மாடு ஈனும்போது தன் கையால் ஒரு கன்றை ஏந்தி வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். எங்கள் பக்கம் மாடு தானாகவே ஈன்றுவிடும். கன்று சிக்கிக்கொண்டால்தான் டாக்டரைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் இவளைக் கண்டால், "அந்தப் பொண்ணு தள்ளி நிக்கட்டும் சார்" என்பார்கள். உத்தனப்பள்ளி வரைக்கும் டாக்டர் வண்டியில் உட்கார்ந்து போய், தள்ளி நின்றுவிட்டு வருவாள். வந்து குழாயடியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழுவுவாள். கழுவ அதில் ஒன்றும் இருக்காது.

அவளை எதிரில் வைத்துக்கொண்டு டாக்டரே ஒருதரம் எனக்கு எடுத்துச் சொன்னார். "ஒரு கன்னு கூட வாங்கலன்னா, காலேஜ்ல கேக்கறப்ப என்னா சொல்றதுன்னு பயப்படுதும்மா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மாடு செனையா இருக்குதுன்னு சொல்லுங்க சார். என் கொட்டாய்க்குள்ள வந்து உன்னை எவன் தள்ளி நிக்கச் சொல்றான்னு பாக்கறேன். நீதான் கன்னு வாங்கணும்."

டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சினை ஊசி போட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்தால், அவள் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே ஈன வேண்டும். அந்த நாள் வந்தது, போனது. மடி இறங்கிவிட்டது. மாடு மட்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமாக அதன் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். "அம்மா, பேபி?" என்பாள். "நாளைக்கு" என்பேன். தினமும் நாளைக்கு.

"நாள் தள்ளுதுன்னா காளைக் கன்னுதான்கா" என்றாள் எதிர்வீட்டுக்காரி. எனக்கு எது பிறந்தாலும் சரி, அவள் இருக்கும்போது பிறந்தால் போதும் என்றிருந்தது.

பெங்களூரிலிருந்து கார் வந்து நின்றது. பெட்டியை ஏற்றியாயிற்று. அவளைக் காணோம். கொட்டாயில் மாட்டின் மேல் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றிருந்தாள். வீட்டுக்காரர் அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

"ஏம்மா, ஏரோப்ளேன் என்னா டவுன் பஸ்ஸா, கை காட்டினா நிக்கறதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "அம்மா, சொல்லு" என்றாள். கன்று பிறந்தால் தனக்குச் சொல்ல வேண்டுமாம். தலையை ஆட்டினேன்.

மறுநாள் மத்தியானம் மாடு ஈன்றது. முன்னங்கால் இரண்டு, மேலே மூக்கு, தொந்தரவே இல்லை. அவள் இருந்து கையை நீட்டியிருந்தால் போதும். நான்தான் வாங்கினேன். வாங்கிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், கார் திரும்பி வந்துவிடுமா என்ன. கிடேரிக் கன்று. சீம்பாலை வீட்டுக்கு வீடு கொடுத்தேன். அவள் பங்கைக் காய்ச்சி மூடி வைத்தேன். "யாருக்கு வெச்சிருக்கற, நீயே சாப்புடு" என்றார் வீட்டுக்காரர். இருக்கட்டும் என்றேன். காலையில் அது கெட்டுப்போயிருந்தது.

அவளுக்குச் சொல்ல எனக்கு எழுத்துத் தெரியாது. டாக்டரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம் என்று போனால், அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். அவள் விலாசம் வேறு யாருக்கும் தெரியவில்லை. நீதான் கன்னு வாங்கணும் என்று அவளிடம் சொன்னேனே, என் வாயால் சொல்லி நடக்காமல் போன காரியம் அது ஒன்றுதான். அதுவும் என்னால் இல்லை, மாட்டால்.

பேத்திகளின் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றதெல்லாம் பிற்பாடுதான். இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அதற்கப்புறம் எத்தனையோ கன்றுகள் பிறந்தன. ஒவ்வொன்றையும் வாங்கும்போது ஒரே யோசனைதான் வரும். அந்தக் காலேஜில் அவளைச் சேர்த்துக்கொண்டார்களா? கேட்டவர்களுக்கு என்ன சொன்னாளோ?

இந்தா கண்ணு, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினத ஒருவாட்டி படிச்சுக் காட்டு. மெதுவாப் படி. மாடு ஈனறதுக்குள்ள கெளம்பிட்டான்னு நான் அவளக் கொற சொன்ன மாதிரி எங்கியாச்சும் வந்திருந்தா, அத மட்டும் அடிச்சுடு.