வாய்க்காலக்காவின் பக்கத்து வீடு

வரப்பில் நின்று யாரோடு பேசினாலும் வாய்க்காலக்காவின் கை சும்மா இருக்காது. பேச்சு ஒரு பக்கம் நடக்கும். கை தன்பாட்டுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருக்கும். யாருடைய வயல் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியாது. “அக்காவைப் பிடிச்சு வச்சு ஒரு கதையை எடுத்து விட்டா போதும், ஒரு பாத்தி சுத்தமாயிடும்” என்பார்கள் மற்ற பெண்கள். அதற்கென்றே மாமியார் சண்டையை நீட்டி முழக்குகிறவர்களும் உண்டு. அக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. “ம், மேல சொல்லு” என்று அடுத்த களைக்கு நகர்வாள்.

ஆள் குள்ளம். குரல் மட்டும் நாலு வயல் தாண்டிப் போகும். கணவரின் பழைய முழுக்கைச் சட்டைதான் அவளுக்கு வேலைச் சட்டை. அதன் பையில் சாவிக்கொத்தும் சணல் கயிறும் கைபேசியும் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும். போன் அடித்தால் மொத்தமாக எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள்.

முன்பு கடைசி வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து சேராது. மேலே இருப்பவர்கள் பாய்ச்சி மிஞ்சினால்தான் உண்டு. ஆண்கள் கூடிக் கூடிப் பேசி, ஒவ்வொரு முறையும் கைகலப்பில் முடித்தார்கள். கடைசியில் பெண்கள் சங்கம் அதைக் கையில் எடுத்தது. ஒவ்வொரு வயலுக்கும் ஒரு நேரம். அந்த நேரத்தில் மடையருகே ஆள் இல்லையென்றால் தண்ணீர் அடுத்த வயலுக்கு. யாராக இருந்தாலும் சரி. அன்றிலிருந்து அக்காதான் தலைவி.

அந்த முதல் கோடையில் மடைக்கு வராமல் போனவள் அக்காவின் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. அக்கா தன் கையாலேயே பலகையை இறக்கி அவள் வயலின் மடையை அடைத்தாள். நாற்றங்கால் காய்ந்துபோனது. அன்று நின்ற பேச்சுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்துக் கல்யாணமும் ஆகிவிட்டது, இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சங்கத்திலும் இருவரும் இருக்கிறார்கள். விதை அறை ஓரகத்தியின் பொறுப்பு. கூட்டத்தில் அவள் செயலாளரைப் பார்த்து, “விதையில வண்டு விழுந்திருக்குன்னு தலைவிகிட்ட சொல்லுங்க” என்பாள். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தலைவி, “வெயில்ல கொட்டச் சொல்லுங்க” என்பாள். செயலாளர் தையல்கடை வைத்திருப்பவர். இரண்டு துணியை ஒட்டுப் போடுவதைவிட இது கஷ்டம் என்று அலுத்துக்கொள்வார்.

உழவுப் பெண்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்கச் சங்கம் முடிவெடுத்தபோது அந்த வேலையும் தையல்காரர் தலையில்தான் விழுந்தது. அக்கா எல்லாவற்றையும் தாராளமாகச் சொன்னாள். மாட்டுக்குப் பயந்து மரமேறியதைக்கூட விடவில்லை. மடை அடைத்த கதை வந்ததும் நின்றுவிட்டாள். அடைத்ததில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. அன்று விட்டுக்கொடுத்திருந்தால் தலைவி வீட்டுக்கு ஒரு நியாயமா என்று கேட்டிருப்பார்கள். முறை அன்றே செத்திருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரி அதை எப்படிச் சொல்வாளோ? அவள் வாயிலிருந்து ஒரு பேச்சு வராதா என்று இத்தனை காலம் ஏங்கியிருந்தவள், அது சாபமாக வந்து காலத்துக்கும் பதிவாகிவிடுமோ என்று பயந்தாள்.

தையல்காரர் இருவரையும் விதை அறைக்கே வரச்சொல்லிவிட்டார். கவிழ்த்த தகரடப்பா மேல் போன். அக்கா போனைப் பார்த்து நடந்ததைச் சொன்னாள். தன் நாற்றிலிருந்து நாலு கட்டு கொண்டுபோய் ஓரகத்தியின் வரப்பில் வைத்ததையும் சொன்னாள். அதோடு கணக்குத் தீர்ந்ததென்று நினைத்திருந்தாளாம்.

ஓரகத்தியும் போனைத்தான் பார்த்தாள்.

“அடைச்சது சரிதான். எனக்குத் திறந்து விட்டிருந்தா அப்புறம் எவ அந்த முறையை மதிப்பா? நானே மதிச்சிருக்க மாட்டேன். அவங்க வச்ச நாத்தைத்தான் நட்டேன், நல்லாவும் விளைஞ்சுது.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “புள்ளைக்குக் காய்ச்சல்னுதான் அன்னைக்கு நான் போகல. அடைச்சுட்டு என் வாசல் வழியாத்தானே போனாங்க? வரப்பு வரைக்கும் நாத்து தூக்கிட்டு வரத் தெரிஞ்சவங்களுக்கு, வீட்டுக்குள்ள வந்து ‘புள்ளைக்கு எப்படிடி இருக்கு’ன்னு கேக்கத் தெரியலையா?”

பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது அக்காவுக்கும் தெரிந்திருந்தது. தலைவி ஓரகத்தி வீட்டுக்குள் போனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் அன்று போகவில்லை. பிறகு நாள் ஆக ஆக, போவதற்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை. நாற்றுக்காகத்தான் கோபம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

ஓரகத்தி சாவியைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள். கடைசிப் பகுதியை வேண்டுமானால் அழித்துவிடவா என்று தையல்காரர் மெதுவாகக் கேட்டார்.

“எதுக்கு? அதுதானே நடந்தது” என்றாள் அக்கா. “இருக்கட்டும்.”

சாயங்காலம் வழக்கம்போல் தெருவோடு நடந்து வந்தாள். எதிரே வந்த ஒருத்தி மருமகள் கதையை ஆரம்பித்தாள். நாளைக்குக் கேட்பதாகச் சொல்லிவிட்டு நடந்தாள். தன் வாசலுக்கு வந்தும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம். அக்கா படியோரமாகக் குனிந்து, சேறு காய்ந்து இறுகிப்போயிருந்த செருப்பு வாரை இழுத்து இழுத்துக் கழற்றினாள்.